நாலு பேரும் ஒரே பஸ்ஸில்

யுத்தத்தின் கடைசி வருடங்களில் நாங்கள் குடும்பமாக எங்கும் போனதில்லை. வெளிக்கிடுவோம், ஒன்றாகவே வீட்டைப் பூட்டுவோம், ஒன்றாகவே வெள்ளவத்தைச் சந்திக்கு நடப்போம். அதன்பிறகு இரண்டு பாதியாகப் பிரிந்துவிடுவோம். கணவரும் மகளும் முதலில் வரும் பஸ்ஸில் ஏறுவார்கள். நானும் மகனும் அடுத்த பஸ்ஸுக்கு நிற்போம். கொழும்பில் பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பஸ் போனாலும் மற்றப் பஸ்ஸில் இருக்கிற இரண்டு பேராவது வீட்டுக்கு வந்து சேரவேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

இந்த யோசனையைக் கணவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கோட்டையில் அவர் வேலை செய்த கப்பல் கம்பனியில் ஒரு சிங்கள நண்பர் இருந்தார். தன்னுடைய வீட்டில் இப்படித்தான் போய்வருகிறோம் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்லியிருக்கிறார். குண்டுக்குப் பயப்படுவதில் எங்களுக்குள் பேதம் இருக்கவில்லை. குண்டு ஒருவரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை. கேட்கிறவர்கள் அது வெடித்த பிறகுதான் வருவார்கள், நேராகத் தமிழரான எங்களிடம் வருவார்கள்.

"நீர் தம்பியோட வாரும், நான் பிள்ளையோட போறன்" என்று கணவர் ஒரு காலைநேரம் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டே சொன்னார். பாண் வாங்கப் போவது யார் என்று தீர்மானிப்பதைப்போலச் சொன்னார். மகனுக்கு ஆறு வயது, என் சேலைத் தலைப்பை விட்டு அசையமாட்டான். மகளுக்குப் பத்து. ஆகவே பிரிப்பது தானாகவே நடந்துவிட்டது. எந்தப் பாதி மிஞ்சினால் நல்லது என்று நாங்கள் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை. கதைக்கத் தொடங்கியிருந்தால் எனக்கு அன்றைக்கே விசர் பிடித்திருக்கும்.

த்ரீவீலில் போகலாமே என்று இப்போது யாராவது கேட்பார்கள். த்ரீவீலைச் சோதனைச்சாவடியில் நிறுத்துவார்கள். எல்லோரும் இறங்கவேண்டும், அட்டையைக் காட்டவேண்டும், கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவை எடுத்து நீட்டவேண்டும், எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து எப்போது வந்தீர்கள் என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லவேண்டும். பிள்ளையை நீந்தக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று துவக்குப் பிடித்தவனுக்கு விளங்கப்படுத்திப் பாருங்கள், அப்போது தெரியும். பஸ்ஸில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம்.

இவ்வளவு பயமென்றால் வீட்டிலேயே இருந்திருக்கலாம்தான். வெள்ளவத்தைத் தாய்மாருக்கு அது முடியாத காரியம். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை சனிக்கிழமை சும்மா நின்றால் அதற்குக் காய்ச்சல் என்று அர்த்தம். சங்கீதம், மிருதங்கம், எலகியூஷன், அபாகஸ், ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலை. நாட்டில் என்ன எரிந்தாலும் வகுப்பு மட்டும் நடக்கவேண்டும். நாளைக்கு லண்டனுக்கோ கனடாவுக்கோ போனால் பிள்ளை எதிலும் குறைந்து நிற்கக் கூடாது என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தோம். நானும் விலக்கில்லை. மகளுக்கு நீச்சல் பிடித்திருந்தது, நுகேகொடையில் ஒரு தடாகத்தில் பழக்கினார்கள். தெஹிவளையில் பஸ் மாறி அங்கே போகவேண்டும்.

பஸ்ஸுக்குள் தமிழில் கதைக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். அதை யாரும் எழுதி ஒட்டவில்லை, நாங்களாகவே எங்களுக்குப் போட்டுக்கொண்டது. மகனுக்கு அதில் அவ்வளவு சிரமம் இல்லை. 'அம்மா' என்பது சிங்களத்திலும் அம்மாதான், அவன் எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடலாம். மகளுடைய பாடு வேறு. அவள் தகப்பனோடு போகிறவள். 'அப்பா' என்று வாய் திறந்தால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். அவள் தானாகவே யோசித்து, சிங்களப் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடுவதுபோல 'தாத்தே' என்று கூப்பிடத் தொடங்கினாள். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கெட்டிக்காரி என்று கணவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கு அது பெருமையாகப் படவில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது அவர்கள் இருவரும் நுகேகொடைத் தரிப்பிடத்தில் நிற்பார்கள். மகள் நீச்சல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள். பஸ் யன்னலால் அவளைக் காணும்போது எனக்குள் ஏதோ ஒன்று இறங்கி அமரும். சந்தோஷம் என்று அதற்குப் பெயர் வைக்க மாட்டேன். வாரம் தவறாமல் எனக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அதுதான், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையில் இருந்த என் மச்சாள், கணவருடைய அக்கா, இதைத் தினமும் நினைத்துக்கொள்ளச் சொல்வாள். "நாலு பேரும் முழுசா இருக்கிறியள். ஒவ்வொரு நாளும் கடவுளுக்கு நன்றி சொல்லு" என்பாள். மச்சாள் நல்லவள்தான், ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. பிள்ளைகளைப் பாதி பாதியாகப் பங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போய், திரும்பிக் கொண்டுவந்ததற்கு நன்றியா? மற்ற நாடுகளில் தாய்மார் பிள்ளை நல்ல மார்க்ஸ் எடுத்ததற்கு நன்றி சொல்வார்கள். எங்களுக்குப் பிள்ளை பஸ்ஸால் இறங்கியதே போதும் என்றாகிவிட்டது. "ஓம் மச்சாள்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபிறகு மகள் சொன்னாள், அடுத்த மாதம் நீச்சல் போட்டி இருக்கிறதாம். தான் ஃப்ரீஸ்டைலில் நீந்தப் போகிறாளாம்.

"முதலாவதா வந்தால் என்ன வேணும்?" என்று கணவர் கேட்டார்.

"எனக்கு ஒண்டும் வேண்டித் தர வேண்டாம் அப்பா. நாலு பேரும் ஒரே பஸ்ஸில வீட்டுக்கு வருவம். பின் சீட்டில, எல்லாரும் சேர்ந்து இருந்து."

கணவர் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. "ஓம், அதுக்கென்ன" என்றார்.

அவள் உள்ளே போனதும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏனப்பா ஓம் எண்டனீங்கள்?"

"அவள் எங்க முதலாவதா வரப்போறாள்? நாலாவது, அஞ்சாவதுதான் வாறவள். விடும்."

உண்மைதான், அவள் அதுவரை ஒன்றிலும் வென்றதில்லை. தகப்பன் அந்த நம்பிக்கையில் வாக்குக் கொடுத்தார். ஆனால் அந்தப் பிள்ளை விடவில்லை. தண்ணீரில் இறங்கினால் பயிற்சி ஆசிரியர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏற்றவேண்டியிருந்தது. வீட்டில் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கையைச் சுழற்றிப் பழகினாள். தம்பியை யன்னல் ஓரம் விடுவதா, தான் இருப்பதா என்று அவனோடு பேச்சுவார்த்தையும் நடத்தி முடித்துவிட்டாள். யன்னலைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்தாள், நடுவில் எனக்கும் அப்பாவுக்கும் இடையில் தான் இருக்கப்போவதாகச் சொன்னாள்.

போட்டிக்கு முந்திய வாரம் நகருக்கு வெளியே ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. தொலைக்காட்சியில் அந்தப் பஸ்ஸைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் போய் நிற்பாட்டினேன். போட்டியைத் தள்ளிவைப்பார்கள் என்று எதிர்பார்த்தோம், வைக்கவில்லை. மகளாவது தன் பரிசை மாற்றிக் கேட்பாள் என்று எதிர்பார்த்தோம், கேட்கவில்லை.

அன்றைக்கும் வழக்கம்போலப் பாதி பாதியாகத்தான் நுகேகொடைக்குப் போனோம். தடாகத்தைச் சுற்றிச் சீமெந்துப் படிகள், அதில் தாய்மார் தொப்பியும் துவாயும் மீன் பணிஸுமாக உட்கார்ந்திருந்தார்கள். மகன் என் மடியில் இருந்தான். கணவர் எதிர்ப்பக்கத்தில், கம்பியைப் பிடித்தபடி நின்றார். மகள் நீலத் தொப்பியோடு குதிக்கும் கட்டையில் ஏறிக் குனிந்தாள்.

விசில் ஊதியது. அவள் குதித்து மேலே வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நீலத் தொப்பி மற்றத் தொப்பிகளை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த தாய்மார் தங்கள் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக் கத்தினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையாரே, என்ரை பிள்ளை இரண்டாவதாக வரட்டும் என்று வேண்டினேன். ஒரு கை தவறட்டும், ஒரு மூச்சுப் பிசகட்டும் என்று வேண்டினேன். பெற்ற பிள்ளை தோற்கவேண்டும் என்று நேர்ந்துகொண்ட தாய் நான். அதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. அப்படி வேண்ட வைத்தவர்கள் வெட்கப்படட்டும்.

பிள்ளையார் கேட்கவில்லை. மகன் மடியில் இருந்து துள்ளினான், "அக்கா! அக்கா வெண்டிட்டா!" என்று தமிழில் கத்தினான், நான் அவன் வாயைப் பொத்தவில்லை. தடாகத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணவர் என்னைப் பார்த்தார். மற்றத் தகப்பன்மார் கைதட்டினார்கள், அவர் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

கழுத்தில் பதக்கத்தோடு, முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மகள் வந்தாள். நான் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஒரே பஸ்தானே அம்மா?" என்றாள்.

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

தரிப்பிடத்தில் வந்த முதல் பஸ்ஸைச் சனம் கூட என்று கணவர் போகவிட்டார். அடுத்ததையும் போகவிட்டார். மூன்றாவது பஸ் முக்கால்வாசி காலியாக வந்து நின்றது. மகள் அவரையே பார்த்தாள். ஏறினோம்.

கடைசி நீள சீட்டு எங்களுக்காகவே காலியாக இருந்தது. மகன் யன்னல் ஓரம், அடுத்து நான், எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் அவள். அவள் எப்படிக் கேட்டாளோ அப்படியே இருந்தோம். அவளுடைய ஈரத் தலை என் தோளில் பட்டது. பஸ் புறப்பட்டது. ஒரு கொஞ்ச நேரம், இவ்வளவுதானே, இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று எனக்கும் பட்டது. மகன் கடைகளின் பெயர்ப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு வந்தான். கணவர் மகளின் கையைப் பிடித்துப் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகுதான் அவளைக் கவனித்தேன். அவள் பதக்கத்தைப் பார்க்கவில்லை, வெளியேயும் பார்க்கவில்லை. குனிந்து சீட்டுக்குக் கீழே பார்த்தாள். நிமிர்ந்து மேலே பொதி வைக்கும் தட்டைப் பார்த்தாள். முன்னால் நடைபாதையில் ஒரு பச்சைப் பை சாய்ந்து கிடந்தது, அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளுக்குப் பழக்கிக் கொடுத்த வேலைதான் இதெல்லாம். ஏறியவுடன் கீழே பார், மேலே பார், ஆளில்லாத பை இருக்கிறதா பார்.

"அம்மா, அந்தப் பை ஆரின்ரை?" என்று என் காதுக்குள் கேட்டாள்.

"ஆரோ வைச்சிருப்பினம். சும்மா இரு பிள்ளை."

அடுத்த தரிப்பில் ஒரு பெண் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள், அதில் கீரை நீட்டிக்கொண்டிருந்தது. நான் மகளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் உடம்பு என் பக்கத்தில் விறைத்துப்போய் இருந்தது. ஒவ்வொருவர் ஏறும்போதும் அவர்களுடைய கைகளைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடியும் தம்பியைப் பார்த்தாள். நாலு பேரும் ஒரே இடத்தில் இருப்பதை அந்தப் பிள்ளையால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

கொஹுவளையில் பஸ் நின்றது. மகள் சடாரென்று எழும்பினாள். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். கணவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். அவள் குனிந்து என் காதுக்குள் சொன்னாள்:

"நீங்களும் தம்பியும் போங்கோ அம்மா. நாங்கள் அடுத்த பஸ்ஸில வாறம்."

அவர்கள் இறங்கிவிட்டார்கள். மகன் "அக்கா எங்கே போறா?" என்று கேட்டான். கொண்டக்டர் கதவில் தட்ட, பஸ் நகர்ந்தது. பின் கண்ணாடியால் பார்த்தேன். அவள் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் நின்றாள். கழுத்தில் பதக்கம் தொங்கியது. எங்களைப் பார்த்துக் கையசைத்தாள், இப்போதுதான் அவள் முகம் தெளிந்திருந்தது.

பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லியிருக்கலாம். ஓடிப்போய் இறங்கியிருக்கலாம். அவள் பாடுபட்டு வென்றெடுத்த பரிசு அது, பாதி வழியில் தானே திருப்பித் தந்துவிட்டாள். பெற்ற தாய் என்றால் அந்த இடத்தில் நெஞ்சு வெடித்து அழுதிருக்கவேண்டும். நான் அழவில்லை. மறுபடியும் இரண்டு பாதியாகிவிட்டோம், ஒரு பாதியாவது வீட்டுக்குப் போய்ச் சேரும். மகனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன், நன்றாக மூச்சு விட்டேன், பத்து வயதுப் பிள்ளைக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.