நன்னாவைக் குளிப்பாட்ட ஆளில்லை

இன்று வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. கடலூரில் எங்கள் வீட்டில் ஆண்கள் பதினொரு பேர். விடியலில் இறந்துபோன நன்னாவை, என் உம்மாவின் தகப்பனாரைக் குளிப்பாட்டத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

அறுபதுகளில் காலரா வந்து, செத்தவர்களைச் சொந்தக்காரர்களே தொடப் பயந்தபோது நன்னா இதை ஆரம்பித்தார். அதன் பிறகு ஊரில் எந்த ஆண் இறந்தாலும் அவர்தான் போய்க் குளிப்பாட்டுவார். காசு வாங்கியதில்லை. யாராவது கற்றுக்கொள்ள வந்தால், "அதான் நான் இருக்கேன்ல, போங்கடா" என்பார்.

எல்லோரும் போய்விட்டார்கள்.

விஷயம் தெரிந்த, மார்க்கம் படித்த ஆலிம் ஒருவர் சிதம்பரத்தில் இருக்கிறார். அவர் இன்று வேறொருவர் இறந்த மய்யித்து வீட்டில். மதியம் ஜும்ஆ தொழுகைக்கு முன் அடக்கம் செய்தாக வேண்டும்.

"மாப்ளே, நீ இன்ஜினியராச்சே, போன்ல பாத்துச் சொல்லேன்" என்றார் மாமா.

"எனக்கு பம்புசெட்டுதான் மாமா தெரியும்."

கடைசியில் ஆலிம் போனில் சொல்லச் சொல்ல நாங்களே செய்தோம். வெந்நீர் என் பொறுப்பு. நன்னா முதலில் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் மய்யித்தின் மேல் ஊற்றுவார். நானும் ஊற்றிப் பார்த்தேன்.

"சூடு ஜாஸ்தியாடா?" என்றார் மாமா.

தெரியவில்லை. சொல்லக்கூடியவர் பலகையில் கிடந்தார்.

இனி செய்யப்போவது:

1. திங்கட்கிழமை சிதம்பரம் போய் அந்த ஆலிமிடம் முறையாகக் கற்றுக்கொள்வேன். அவரும் "போடா" என்று சொன்னாலும் திரும்பிப் போகமாட்டேன்.

2. உங்கள் தெருவில் இந்த வேலைக்கு யார், அவருக்கு அடுத்து யார் என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். கமெண்டில் சொல்லுங்கள்.

3. நான் கற்று முடிக்கும்வரை தயவுசெய்து யாரும் சாகாதீர்கள்.