இடி ஆம்பூரில், காது பூனாவில்

போன ஞாயிற்றுக்கிழமை நிசார் பாய் மேல்விஷாரத்தில் இருந்து வந்தார். கையில் ஆற்காடு மக்கன் பேடா, ஒரு கிலோ டப்பா. ரேடியோ போட்டியில் ஜெயித்துவிட்டாராம்.

"முதல்ல உங்களுக்குத்தான்க்கா" என்று நீட்டினார்.

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்றது. ஏன் என்று கேட்கிறீர்களா? அவரை ஜெயிக்க வைத்ததே நான்தான். அது அவருக்குத் தெரியாது.

முதலில் இருந்து சொல்கிறேன். எனக்கு அவசரமாகச் சொல்ல வராது.

என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் எலக்ட்ரீஷியன். லைசென்ஸ் வாங்கி, மொட்டை மாடியில் ஆன்டனா நட்டு, வீட்டில் இருந்தபடி ஊர் உலகத்தோடு பேசுகிற ஹாம் ரேடியோ வைத்திருந்தார். நிசார் பாய் அவருடைய தோஸ்த். இதில் போட்டி உண்டு. சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் மறுநாள் ஐந்தரை வரை. யார் அதிகம் பேரைப் பிடித்துப் பேசுகிறார்களோ அவர்கள்தான் ஜெயித்தவர்கள்.

வீட்டுக்காரர் காலமான பிறகு ரேடியோப் பெட்டி என் மகன் குமரேசனுக்கு வந்தது. அவனுக்கும் லைசென்ஸ் உண்டு. வேலை பூனாவில். வருஷத்தில் இரண்டு போட்டிக்கு லீவு போட்டு, காட்பாடியில் இறங்கி, பஸ் பிடித்து வந்துவிடுவான். தீபாவளிக்கு வருவானோ மாட்டானோ... போட்டிக்கு வருவான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சின்னப் பெட்டியை வாங்கி வந்து ரேடியோவை இன்டர்நெட்டில் மாட்டினான். "இனிமே அங்கருந்தே பேசலாம்மா" என்றான். எனக்கும் பெருமைதான். பாட்டரி, சுவிட்ச் எல்லாம் என் பொறுப்பு என்று தெருவில் சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவன் போட்டிக்கு வரவில்லை. வரவேண்டிய அவசியம் இல்லையே!

காலையில் துணி காயப்போட மாடிக்குப் போவேன். தலைக்கு மேலே ஆன்டனா கிர்ரென்று தானாகத் திரும்பும். ஓ... எழுந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன். கீழே ஸ்பீக்கரில் அவன் குரல் வரும். யாரோ ஜப்பான்காரனுக்கு "ஃபைவ் நைன்" சொல்வான். உன் குரல் எனக்குப் பளிச்சென்று கேட்கிறது என்று அர்த்தம். போட்டியில் எல்லோருக்கும் அதையேதான் சொல்வார்கள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஒன்றும் சொல்ல மாட்டான். நான் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

நிசார் பாய்க்கு இந்த ரிமோட் விஷயத்தில் ரொம்ப நாளாகப் பேஜார்.

"நான் இங்க முதுகு ஒடைய ஒரு நாள் முழுக்க உக்காந்துருக்கேன். உங்க புள்ள அங்க ஏசி ரூம்ல உக்காந்துகினு உங்க மாடி ஆன்டனாவ சுத்துறான். இது இன்னா நியாயம்க்கா?"

குமரேசனைக் கேட்டால் அவனுக்கும் ஒரு நியாயம். பூனாவில் அவன் குடியிருக்கும் அப்பார்ட்மென்ட்டில் ஆன்டனா வைக்க விடமாட்டார்கள். ரேடியோவும் ஆம்பூரில், ஆன்டனாவும் ஆம்பூரில், அவன் மட்டும்தான் அங்கே. போட்டி விதியும் சரி என்கிறதாம்.

நான் மகன் பக்கம்தான் பேசினேன். "பாய், நான் வீட்ல உக்காந்து கம்பெனிக்கு ஷூ அப்பர் தெச்சவ. பொட்டி கப்பல்ல போச்சு. இவ எங்க உக்காந்து தெச்சான்னு எவனாவது கேட்டானா? தையல் நேரா இருக்குதான்னுதான பாத்தான்" என்றேன். அவரை மடக்கிவிட்டதில் எனக்கு அப்போது ரொம்பத் திருப்தி.

போன மாதப் போட்டி அன்று மத்தியானம் மூன்றரைக்கு வானம் கறுத்தது. பளீர் என்று ஒரு மின்னல். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. இடி கேட்டதும் முதலில் ரேடியோவின் பவரை அணைக்க வேண்டும். அப்புறம் மின்னல் ரேடியோவுக்குள் இறங்காமல் இருக்க ஆன்டனா கேபிளைத் திருகிக் கழற்றி, அதன் முனையை ஒரு கண்ணாடி ஊறுகாய் ஜாடிக்குள் போட்டுவிட வேண்டும். வீட்டுக்காரர் பழக்கிய பழக்கம். கை தானாகச் செய்தது.

உடனே ஃபோன். குமரேசன்.

"அம்மா, கரன்ட் போச்சா?"

"இல்லப்பா. இடி. கேபிள ஜாடில போட்டுட்டேன்."

"ஃபோன்ல பாத்தா இடியே காட்டலியேம்மா."

"உன் ஃபோனுக்குக் காது இருக்குதா? எனக்கு இருக்குது."

சிரித்தான். அவன் சிரிப்பு கேட்டு எத்தனை நாளாயிற்று! பத்து நிமிஷத்தில் மறுபடி ஃபோன். இடி நின்றுவிட்டதா என்றான். இல்லை என்றேன். சரி, முட்டி வலி எப்படி இருக்கிறது என்றான். அடுத்த ஃபோனில் என்ன குழம்பு என்று கேட்டான். அதற்கடுத்து, பேத்திக்கு முன்பல் விழுந்த கதை. ஒன்பது முறை கூப்பிட்டான். நான் எண்ணினேன்.

நாலு மணிக்கெல்லாம் இடி நின்றுவிட்டது. நான் கேபிளைத் திரும்ப மாட்டியது ஐந்தரைக்கு. அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் குமரேசன் பின்தங்கினான்.

நடுவில் ஒரு தடவை, மாடியில் நின்றுகொண்டே பேசினேன். கண் கூசுகிற மாதிரி வெயில். "இன்னும் நிக்கலியாம்மா?" என்றான்.

"கேக்குதுப்பா... தூரத்துல. ஒடுகத்தூர் மலைப் பக்கம்."

பொய். வாழ்க்கையில் ஒரு தையல்கூட ஏமாற்றாதவள் நான்.

அன்று மேல்விஷாரத்திலும் இடிதான். நிசார் பாயும் கேபிளைக் கழற்றினார். இடி நின்றதும் மாட்டிவிட்டார், அவ்வளவுதான். அவருடைய வானத்தை அவரே பார்த்துக்கொண்டார். குமரேசனோ, வானம் என்ன சொல்கிறது என்று என்னைக் கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் என் ஷூ அப்பர் நியாயத்தில் ஓட்டை தெரிந்தது. நான் எங்கே உட்கார்ந்து தைத்தாலும், ஊசி குத்தினால் ரத்தம் வந்தது என் விரலில்.

ஞாயிற்றுக்கிழமை, பேடா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ரிமோட்டு நியாயமில்லன்னு நான் சொன்னது வேற அர்த்தத்துலக்கா. இப்ப அவனுக்கில்ல அநியாயமா போச்சு" என்றார். போட்டி நடத்துகிறவர்களுக்கு அவரே எழுதி, ஜெயித்ததை வாபஸ் வாங்குகிறாராம். வேண்டாம், தப்பு என்னுடையது என்றேன். "அப்போ அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்று எழுந்துவிட்டார். டப்பாவை மட்டும் எடுத்துப் போகவில்லை.

ஒரு வாரமாக ஃபோனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். வா என்று யாரையும் கெஞ்சிக் கூப்பிட்ட வாய் இல்லை இது. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அவன் வாராவாரம் படிப்பான் என்று தெரியும். அதனால் உங்களிடம் சொல்கிற சாக்கில் அவனுக்கே சொல்லிவிடுகிறேன்.

குமரேசா, உன்னைத் தோற்கடித்தது இடி இல்லை, நான். அடுத்த போட்டிக்கு நீயே வந்து உட்கார்ந்து, உன் காதால் இடியைக் கேட்டு, உன் கையால் கேபிளைக் கழற்று. ஜாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

மற்றபடி உன் குரல் எனக்கு ஃபைவ் நைன். ஆளைத்தான் காணோம்.