சிங்கப் படம் போட்ட டப்பா

எழுபது வயதாகும் அப்பாவுக்குக் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கும்போது நடுநடுவே அடி மறந்துபோகிறது. அந்த வெட்கத்தில், எங்கள் திருப்பதியிலேயே, மலையடிவாரத்து அலிபிரி போகும் வழியில் ஒரு கடையில் ஞாபகசக்தி மாத்திரை வாங்கியிருக்கிறார்.

டப்பாவில் சிங்கப் படம். நரசிம்மரே அனுப்பியதாக நினைத்து, ஒரு மாதமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்குகிறார்.

இன்றுதான் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன். சிங்கத்தின் பிடரி மயிர் மாதிரி வளரும் காளானாம்! வெங்காயமே நுழையாத வீடு எங்களுடையது.

நேரே கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"காளான்னு சொன்னா சாமி வாங்குவாராம்மா? பச்சைப் புள்ளி இருக்குது பாருங்க. எத்தினியோ பேரு துன்னுக்கினுதான் இருக்காங்க" என்றார் கடைக்காரர், சிரித்துக்கொண்டே.

மறைத்து விற்கிற அளவுக்கு எங்கள் வழக்கம் அவருக்கு அத்துப்படி!

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

"இதையா ஒரு மாசமா முழுங்கிண்டிருந்தேன்? பெருமாள் எதிர்ல எந்த வாயால சேவிப்பேன்?" என்றவர், சாயங்காலம் கோஷ்டிக்கே போகவில்லை.

பாசுரம் இன்னும் மறக்கத்தான் மறக்கிறது. காளான் தின்றது மட்டும் அவருக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது.

அதை மறக்க ஏதாவது மாத்திரை இருந்தால் சொல்லுங்களேன்.