ரொட்டி மாவில் ஆறு ஸ்குரூ

போன வருஷம் மழைக்காலம். பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கருவி ஊமையாகிப் போனது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. தோட்டப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். கருவி என்று நான் சொன்னது, புத்தகத்தை வாசித்துக் காட்டும் கையடக்கப் பெட்டி. சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். பாடப் புத்தகம் முழுக்க அதற்குள் இருக்கிறது. ஒரு காதில் அது வாசிக்க வாசிக்க, நான் பிள்ளைகளுக்குக் கதை மாதிரி சொல்லிக்கொண்டே போவேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். என் வகுப்பில் யாரும் தூங்க முடியாது.

மறுநாள் திங்கட்கிழமை, கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி என் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. பத்தாம் தர வகுப்பை என்னிடம் கொடுப்பதா வேண்டாமா என்று அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். கண் தெரியாத டீச்சரிடம் பரீட்சை வகுப்பை எப்படி விடுவது என்று சில பெற்றோர் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? எனக்கோ அந்த வகுப்பு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பட்டனை அழுத்துகிறேன், பெட்டியில் மூச்சே இல்லை. இரவு முழுக்க சார்ஜில் கிடந்தும் ஐஸ் மாதிரி குளிர்ந்து கிடக்கிறது.

அண்ணன் உடனே டோர்ச்சும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பக்கம் வேலை செய்கிறவர். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கும் வியாதி உண்டு. எங்கள் ரேடியோவை அவர் ஒருமுறை சரிசெய்தார். அன்றிலிருந்து அண்ணி அதன் மேல் சீப்பு வைக்கிறார். நான் கருவியை மடியில் ஒளித்துக்கொண்டு, என்னைப் போலப் பார்வையற்ற தோழி ஒருத்திக்கு ஃபோன் போட்டேன். கொழும்பில் இந்தக் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒருவரின் நம்பரைக் கொடுத்தாள்.

ஞாயிறு என்று பார்க்காமல் அவர் எடுத்தார். சிங்களவர். இளம் குரல். என் சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும்தான் போதும், ஆனாலும் அழாக்குறையாக எல்லாவற்றையும் கொட்டினேன். அனுப்பி வைத்தால் ஒரு வாரம் ஆகும், இன்றைக்கே வேண்டுமென்றால் நீங்கள்தான் திறக்க வேண்டும் என்றார் அவர். வீடியோ கோல் போட்டு அண்ணனைக் காட்டச் சொல்லவா என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"போட்டா மட்டும் எனக்கு என்ன தெரியப்போகுது நங்கி? எனக்கும் கண்ணு தெரியாது."

தங்கச்சி என்று கூப்பிட்டு அவர் இதைச் சொன்னதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்த ஆள் இத்தனை கருவிகளையும் கையால் தடவியே திறந்து மூடுகிறாரா! அப்படியானால் எனக்கென்ன கேடு? அண்ணன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டேன். வெளியே மூடுபனி, உள்ளே வெளிச்சம் பத்தாது என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். வெளிச்சம் யாருக்கு வேணும் என்று கேட்டேன். அண்ணி சிரித்துவிட்டார்.

பின்பக்கம் ஆறு ஸ்குரூ. ஒவ்வொன்றும் கடுகு மாதிரி. கழற்றியதை எங்கே வைப்பது? மேசையில் வைத்தால் உருண்டுவிடும். பக்கத்தில் அண்ணி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஒரு உருண்டையை வாங்கித் தட்டையாக்கி, கருவியில் எந்த இடத்தில் இருந்ததோ மாவிலும் அதே இடத்தில் ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தேன். ஃபோனில் இதைச் சொன்னதும் அவர், இனி நானும் மாவு வாங்கி வைக்கிறேன் என்றார்.

உள்ளே பெட்டரி தொடும் இடத்தைத் தடவச் சொன்னார். சொரசொரவென்று இருந்தது. மலைநாட்டிலிருந்து வருகிற கருவிகளுக்கெல்லாம் இதே வருத்தம்தான், பனி உள்ளே போய்க் களிம்பு பிடித்துவிடுகிறது என்றார். பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்க்கச் சொன்னார். டீச்சர் வீட்டில் ரப்பருக்கா பஞ்சம்! தேய்த்தேன், தடவினேன், மறுபடி தேய்த்தேன். கொஞ்சங்கொஞ்சமாக விரலுக்கடியில் வழவழப்பு வந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வைத்து ஈரம் உலர்த்தி, பெட்டரியை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

விட்ட இடத்திலிருந்து வாசித்தது. கண்டி இராச்சியம், மூன்றாவது பந்தி.

நான் போட்ட கூச்சலில் அடுத்த காம்பரா வீட்டுக்காரர்கள் பாம்பு வந்துவிட்டதோ என்று ஓடிவந்தார்கள். ஃபோனில் கொழும்புக்காரரும் கைதட்டினார். மூடும்போதுதான் பார்த்தேன், மாவில் ஐந்து ஸ்குரூதான் இருந்தது. தரையெல்லாம் தடவியும் மற்றது கிடைக்கவில்லை. ஐந்தே தாங்கும் என்று அவர் சொல்லிவிட்டார். மாவை வீணாக்கக்கூடாது என்று, மேலே இருந்ததை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை அண்ணி மறுநாளைக்கு எடுத்துவைத்தார்.

திங்கட்கிழமை வகுப்பு பிரமாதமாகப் போனது. இடைவேளையில் ஆசிரியர் அறையில் அதிகாரி என் எதிரே உட்கார்ந்தார். நான் அண்ணி கட்டித்தந்த ரொட்டிப் பார்சலைப் பிரித்து, அவருக்கும் ஒரு பாதி கொடுத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன். அப்போதுதான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரி டீச்சர். பரீட்சை நேரத்துல இந்த மெஷின் உடைஞ்சா புள்ளைங்க கதி என்ன?"

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பல்லில் கடக் என்றது. விரலால் எடுத்துத் தடவிப் பார்த்தேன். கடுகு மாதிரி ஒன்று. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துடைத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நேத்துத்தான் உடைஞ்சிச்சுங்க சேர். நான்தான் கழட்டிப் பூட்டினேன். அதுல காணாமப் போன ஸ்குரூ இதுதாங்க."

அவர் கருவியைக் கையில் வாங்கி, எந்த ஓட்டை என்று கேட்டார். நான் அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். தன் பாதி ரொட்டியை அவர் பிட்டுப் பிட்டுச் சோதித்துச் சாப்பிட்டார் என்று பக்கத்து டீச்சர் பின்னால் சொல்லிச் சிரித்தார். அடுத்த பாடசாலைத் தவணையில் பத்தாம் தரம் என்னிடம் வந்தது.

அந்த ஸ்குரூவை நான் திரும்பப் பூட்டவில்லை. இப்போதும் வகுப்புக்குள் நுழையுமுன் அந்த வெற்று ஓட்டையை ஒருதரம் தடவிக்கொள்வேன். உடைந்தால் என்ன, திறக்க என் கைக்குத் தெரியும் என்ற தைரியம் எனக்கு அங்கேதான் இருக்கிறது.