இரண்டு கல் தூரம்

என் அக்காவின் கணவர் தீயணைப்பு வண்டி ஓட்டுபவர். நிலையத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பெல்’. மணி அடித்து ஓய்வதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவார் என்பதால் வந்த பெயர். வீட்டிலும் அப்படித்தான். செருப்பை வாசலைப் பார்த்துக் கழற்றிப் போடுவார். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் காரைத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வருவார். இருபத்து மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

ஐம்பது தாண்டிய ஓட்டுநர்களுக்கு ஓட்டத் தேர்வு என்று திடீரென்று ஓர் உத்தரவு வந்தது. இரண்டு கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிடம். தவறினால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து குழாயும் தலைக்கவசமும் எடுத்துக் கொடுக்க வேண்டும். மாமாவுக்கு ஐம்பத்தொன்று. அவருக்கு முன்னால் அவர் தொந்தி போகும்.

“அந்த வண்டிய விட்டுட்டு நான் என்னடா பண்ணுவேன், மாப்ளே?” என்று கேட்டார்.

நான் கணக்கு வாத்தியார். பயிற்சிக்கு நானே பொறுப்பேற்றேன். எங்கள் ஊரோரம் பழைய பிரபு குடும்பம் ஒன்றின் மாளிகையும் அதைச் சுற்றிப் பெரிய தோப்பும் உண்டு. இப்போது பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மாளிகைக்குப் பின்னாலிருந்து குளக்கரை வழியாக, மான்கள் மேயும் புல்வெளியைத் தாண்டி ஒரு மண்பாதை போகும். ஓரத்தில் எண் செதுக்கிய பழைய கற்கள். ஒன்றாம் கல்லிலிருந்து மூன்றாம் கல் வரை இரண்டு கிலோமீட்டர் என்று சொன்னவன் நான்தான். யாரையும் கேட்கவில்லை. விடை தெரிந்த கேள்வியைக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

முதல் நாள் இருபத்தேழு நிமிடம் ஆனது. மாமா மூன்றாம் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஒரு மான் மேய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தது.

“அது ஏன்டா என்னையே பாக்குது?”

“பாவம்னு பாக்குது மாமா.”

மூன்று மாதம் நாய் படாத பாடு பட்டார். சோற்றைப் பாதியாக்கினார். பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக மூன்று ஓட்டை போட்டார். மான்கள்கூட அவரைக் கண்டு ஓடுவதை நிறுத்திவிட்டன. நேரம் மட்டும் பத்தொன்பதில் வந்து நின்றுகொண்டது. ஒருமுறை என் செல்போன் மூன்று கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. மரம் அடர்ந்த இடத்தில் போன் குழம்பும் என்று விளக்கம் வேறு சொன்னேன். “ஆமாமா, கல்லு பொய் சொல்லுமா?” என்றார் மாமா.

அக்கா கேட்டபோது, பதிமூன்றுக்கு வந்துவிட்டதாக மாமா சொன்னார். நானும் தலையாட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம்.

தேர்வுக்கு ஆறு நாள் இருந்தபோது, தோப்பைப் பராமரிக்கும் அம்மா ஒருவர் பாதையில் எதிரே வந்தார். நீளக் கம்பியில் மாட்டிய ஒற்றைச் சக்கரத்தைத் தரையில் உருட்டிக்கொண்டு வந்தார். புதுப் பலகை வைக்க அளக்கிறாராம்.

“தினமும் பாக்குறேன். தேர்வுக்கா சார்?”

“ஆமாம்மா. ரெண்டு கிலோமீட்டர். பத்தொம்பதுக்குக் கீழ எறங்கவே மாட்டேங்குது” என்றார் மாமா.

“எங்கேர்ந்து எது வரைக்கும்?”

நான் கற்களைக் காட்டினேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

“அது பிரபு குதிர வண்டி ஓட்டுன காலத்துக் கல்லுங்க. கணக்கெல்லாம் மைலு. இப்பத்தான் அளந்தேன், மூவாயிரத்து எரநூறு மீட்டர் வருது.”

மனக்கணக்கு போட்டேன். அந்த வேகத்துக்கு இரண்டு கிலோமீட்டர் என்றால் பதினொன்றே முக்கால் சொச்சம். மாமாவிடம் சொன்னேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு எழுந்து, கையில் கிடைத்த குச்சியோடு என்னைத் துரத்தினார். அன்றைக்குப் பதினேழு நிமிடத்தில் வந்திருப்பார்.

தேர்வில் பதினொன்று முப்பத்தெட்டு. நிலையத்து ஆட்கள் அவரைத் தூக்கிச் சுற்றினார்கள். ‘பெல்’ வண்டியை விட்டு இறங்கப்போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும், எல்லாம் முடிந்த தைரியத்தில் மாமா பொய்யை ஒப்புக்கொண்டார். அக்கா கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை.

“தெரியும். பதிமூணுல ஓடுனவன் மூஞ்சியா அது?” என்றவள் உள்ளே போய், ஒரு புது டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒட்டிய தாள்கூடப் பிரிக்கவில்லை. “ஸ்டோருக்குப் போனீங்கன்னா மத்தியானச் சாப்பாடு கட்டணுமேன்னு போன மாசமே வாங்கி வச்சேன்.”

வண்டியில் போகிறவர்களுக்கு நிலையத்திலேயே சமையல் உண்டு. ஸ்டோர் ஆட்கள்தான் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போவார்கள். மாமா பாக்ஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“நான் தோக்கணும்னு நெனச்சியா?”

“நெனச்சேன்” என்றாள் அக்கா. “இருவத்து மூணு வருஷமா சைரன் கேட்டா அடுப்ப அணச்சிட்டு வாசல்ல வந்து நிக்கிறவ நான். நெனைக்காம இருப்பனா?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா இன்னிக்கிக் கதவத் தெறக்கும்போது மட்டும், தோத்த மூஞ்சியோட வந்துடக் கூடாதேன்னு கையெல்லாம் நடுங்குச்சுங்க.”