கிளிக்குத் தெரிந்த ஒரே கேள்வி

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். அய்யலூரில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை ஒருநாள் மத்தியானம் ரெட்டியார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, ஒரு கையில் துணி மூட்டையும் இன்னொரு கையில் கிளிக்கூண்டுமாக எங்கள் தோட்டத்து வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. எதற்கு வந்தாய் என்று அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றிக் கேட்டும், அங்கே இருக்க முடியவில்லை என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாமா அடிப்பாரா என்றால் இல்லை. குடிப்பாரா என்றால் அதுவும் இல்லை. பிறகு என்னதான் என்று அப்பா தலையைச் சொறிந்துகொண்டார். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. வீட்டுக்கு ஒரு கிளி வந்துவிட்டது.

புது இடம் என்பதால் கிளி முதலில் வாயே திறக்கவில்லை. ஒருநாள் நான் வறுத்த கடலையை உரித்துக் கூண்டருகே நீட்டியபோது, கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டு, “சாப்டியா புள்ள?” என்றது. அசல் மாமாவின் குரல். ஆட்டுச்சந்தையில் தரகு பேசிப் பேசிக் கரகரத்துப்போன அந்தக் குரலில் இம்புட்டுக் குழைவு இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மிரண்டுபோய்க் கடலையைக் கொடுத்தேன். தின்றுவிட்டு மறுபடி கேட்டது. மறுபடி கொடுத்தேன்.

அதற்கப்புறம் அதை நிறுத்த முடியவில்லை. விடிந்ததும் ஆரம்பித்துவிடும். பூப்பறிக்க வந்த பெண்கள் கூண்டைச் சுற்றி நின்று கேட்டுவிட்டு, பெண்டாட்டியை இப்படி விசாரிக்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று பேசிக்கொண்டார்கள். அப்பாவுக்கும் அதுதான் பட்டது. தினமும் காதில் விழாத பேச்சைக் கிளி எப்படிக் கற்றுக்கொள்ளும்? தங்கைக்குத்தான் ஏதோ வீம்பு என்று முடிவுகட்டி, வந்து அழைத்துப் போகும்படி மாப்பிள்ளைக்கு ஆள் சொல்லி அனுப்பினார். அந்தச் சந்தோஷத்தில் தன் கையாலேயே கிளிக்குக் கொய்யாத் துண்டும் கொடுத்தார்.

அத்தை மட்டும், கிளி பேச ஆரம்பித்தால் கட்டிக்கொண்டிருக்கும் பூவை அப்படியே போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவாள். அம்மா இதைக் கவனித்திருக்க வேண்டும். அது அப்படிப் பேசும்போது எதுவும் கொடுக்காதே, சும்மா இருக்கும்போது கொடு என்று என்னிடம் சொன்னாள். அப்பா கொடுக்கிறார், அம்மா கொடுக்காதே என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். கிளி முன்னைவிடச் சத்தமாகக் கேட்டது, கம்பியைக் கடித்துக்கொண்டு கேட்டது. சத்தம் பொறுக்காமல் அப்பா வந்து ஒரு துண்டைக் கொடுத்தார். அன்றிலிருந்து அது கத்தியே கேட்கப் பழகிக்கொண்டது.

மாமா இவ்வளவு பிரியமாக இருக்கிறாரே, நீ ஏன் வந்துவிட்டாய் என்று அத்தையிடமே கேட்டேன். அவள் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அது என்னையக் கேட்டதில்ல, தாயி.”

மாமா குரல்தானே என்றேன். அவர் குரல்தான் என்றாள். அப்படியானால் யாரைக் கேட்டார் என்றேன். அவள் அடுத்த பூவை எடுத்து நாரில் வைத்து முடிந்தாள்.

இரண்டொரு நாளில் மாமா வந்தார். அத்தை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தவர், அவள் முகத்தைப் பார்க்காமலே செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே கூண்டுக்குப் போனார். பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்து, கம்பிக்கிடையே நீட்டி, “சாப்டியா புள்ள?” என்றார். கிளியும் அதையே திருப்பிக் கேட்டது. மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பழம் தீரும்வரை இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டார்கள். அத்தை வெறும் செம்போடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தாள்.

பிறகு மாமா கையைத் துடைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும், கிளம்பச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா அத்தையையும் அவள் கையிலிருந்த வெறும் செம்பையும் பார்த்தார்.

“கிளியக் கொண்டு போங்க மாப்ள. தங்கச்சி இங்கனயே இருக்கட்டும்.”

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன குறை வைத்தேன் என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார் என்பது அவர் முகத்தில் இருந்தது. பிறகு கூண்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டைப் பார்க்க நடந்தார். நான் அழுதுகொண்டே பஸ் நிற்கும் இடம்வரை பின்னாலேயே ஓடினேன்.

திரும்பி வந்தபோது அப்பா அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து, பழக்கமில்லாத விரல்களால் பூவை இரண்டிரண்டாக எடுத்து அவள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பிரியமாகப் பேசுகிற மனிதரையும் பேசுகிற கிளியையும் அனுப்பிவிட்டு, வாயே திறக்காத அத்தையை வைத்துக்கொண்டாரே, அப்பாவுக்கு நல்லது கெட்டது தெரியாமல் போயிற்றே என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.