நல்லாயிருக்கு என்று எழுதிய அக்கா

எனக்குக் கணினி நன்றாகத் தெரியும் என்று தென்காசியில் ஒரு வதந்தி உண்டு. கிளப்பிவிட்டது நான்தான். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து திருத்தலாம் என்று உலகத்துக்கே பொதுவாக விட்டிருக்கும் ஓர் இயங்குதளம் இருக்கிறது. அதில் நானும் ஒருமுறை ஒரு திருத்தம் செய்தேன். அதன்பிறகு என் கணினி திறக்கவே இல்லை. அந்த இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள், "நீங்கள் புதியவர்களுக்கு உதவலாமே" என்று மிகவும் மரியாதையாக எழுதினார்கள். பழுதைக் கண்டால் எப்படி எழுதித் தெரிவிப்பது என்று சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் கூடுவோம். சீசன் வந்துவிட்டால் பாதிப் பேர் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்து தூங்குவார்கள். அதில் என் பேச்சுக்கும் பங்குண்டு. தூங்காமல் கேட்டவர் ஓர் அக்கா. வளைகுடாவில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவர் கணவர் அங்கே வேலை போய் ஊர் திரும்பியதிலிருந்து வீடு அந்த வகுப்புகளில்தான் ஓடியது.

அவருடைய பழைய மடிக்கணினியில் இந்த இயங்குதளத்தை ஏற்றிக்கொடுத்தவன் நான். கொஞ்ச நாள் நன்றாகப் போனது. பிறகு ஒரு புதுப்பிப்பு வந்தது. அதிலிருந்து, கணக்கைக் காட்டுவதற்காகத் திரையைப் பகிர்ந்தால் போதும், அக்காவின் குரல் பிள்ளைகளுக்குப் போகாது.

"பின்னம் பூரா நடத்தி முடிச்சிட்டேன் தம்பி. ஒண்ணாவது கேக்கலைன்னு சொல்லணுமே. நல்லா மண்டைய மண்டைய ஆட்டுதுவ."

ஒரு பிள்ளையின் அம்மா மட்டும் போனில் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "அவ போனா மத்தவளுவளும் பின்னாலயே போயிருவாளுவ" என்றார் அக்கா.

உட்கார்ந்து புகாரை எழுதினோம். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது. கணக்கு டீச்சர் அல்லவா, என்னைவிடச் சுத்தமாக எழுதினார். ஏதோ ஒரு குளிர்நாட்டில் இருக்கும் நிரலாளர் ஒருவர் அதைப் படித்து, ஒரு திருத்தம் செய்து அனுப்பி, "போட்டுப் பாருங்கள், சரியாகிவிட்டதா?" என்று கேட்டார். நான் அப்போது ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றிருந்தேன். வந்து பார்த்தால் அக்காவே பதில் போட்டிருந்தார்: "மிகவும் நன்றாக இருக்கிறது. சரியாகிவிட்டது. மிக்க நன்றி." அந்த நிரலாளரும் சந்தோஷமாகப் புகாரை மூடிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை என் பெருமை அடங்கவில்லை.

அடுத்த வாரம் பாராட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு கையில் போனை வாயருகே பிடித்துப் பேசிக்கொண்டு, மறு கையால் கணினியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். குரல் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் போனது. வகுப்பு முடியும் வரை காத்திருந்தேன்.

"சரியாயிருச்சுன்னு எழுதினியளே அக்கா?"

"ஆமா, எழுதினேன்."

"அப்ப போன் எதுக்கு?"

"அது சரியாகலைல்லா."

நான் முழித்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். "முன்னபின்ன தெரியாத மனுசன். காசு வாங்காம நமக்காக உக்காந்து செஞ்சு கொடுத்துட்டு, எப்படி இருக்குன்னு கேக்காரு. நல்லால்லைன்னு எப்படித் தம்பி சொல்லுதது? விருந்துக்குப் போன வீட்ல உப்பு இல்லைன்னு சொல்லுவியளா?"

என் கையில் அவர் கொடுத்த டீ இருந்தது. நான் சீனியை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. அந்த வீட்டு டீயில் கரண்டி செங்குத்தாக நிற்கும். ஒவ்வொரு முறையும் "பிரமாதம்" என்று சொல்லியிருக்கிறேன். அதை நம்பி அவர் கணவர் அன்றும் அக்காவிடம் சொன்னார்: "தம்பிக்கு இன்னொரு கிளாஸ் கொண்டா. விரும்பிக் குடிக்காருல்லா."

திரையைப் படம் பிடிப்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். "எப்படி இருக்கு?" என்று அந்த மனிதர் கேட்டது நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. நம்மூரில் அந்தக் கேள்விக்குப் பதில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அக்காவின் கணினியைப் பார்க்க அக்காவின் பதிலைத் தவிர வேறு கண் கிடையாது. நாம் மரியாதை என்று நினைத்துக் கொடுத்த பதில் அந்த ஒரு கண்ணையும் மூடிவிட்டது. சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை, நானே பாகு போன்ற டீயைப் பிரமாதம் என்று குடித்துக்கொண்டிருந்தவன்.

"அக்கா, டீல சீனி ரொம்பக் கூட. எனக்குச் சீனியே ஆவாது."

அவர் கணவர் தொண்டையைச் செருமினார். அக்கா என்னையே பார்த்தார்.

"என்னைக்குல இருந்து?"

"மொத நாள்ல இருந்தே."

"நல்ல ஆளுதான் நீரு" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியை இழுத்தார். எழுதினார்: "மன்னிக்கவும். முன்பு சொன்னது உண்மையல்ல. என் குரல் இன்னும் போகவில்லை." மனசு கேட்காமல், அந்த நிரலாளரின் உழைப்பைப் பாராட்டி இரண்டு வரியும், குடும்பத்தாரின் நலம் கேட்டு ஒரு வரியும் கீழே சேர்த்தார். நான் எதையும் வெட்டவில்லை. பதில் வந்தது: "சொன்னதற்கு நன்றி. ஓர் இடத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்."

இரண்டாவது திருத்தம் வந்தபோது மாதக் கடைசி நெருங்கியிருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு வகுப்பை ஆரம்பித்தார். போனைத் தள்ளி வைத்தார். திரையைப் பகிர்ந்தார். கணவர் கதவோரம் வந்து நின்றார்.

"ஏலே, நான் பேசுதது கேக்குதா?"

நான் சீனியில்லாத டீயைக் கையில் பிடித்திருந்தேன். கஷாயம் தேவலாம் போலிருந்தது.

அப்புறம் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு குரல் தெளிவாகப் பதில் சொன்னது.

"கேக்கலை டீச்சர்."